மருந்தே தொடாத பத்துப் பேர்

நர்ஸ்: கையை மடக்காதீங்க தம்பி. நான் இன்னும் ஊசியையே எடுக்கல.

பாறை: எடுத்த மாதிரி இருந்துச்சே சிஸ்டர்...

நர்ஸ்: அது பேனா.

பாறை: ஓ... எதுக்கும் அதையும் கொஞ்சம் தள்ளி வைங்க.

நர்ஸ்: நல்லா இருக்கு! இந்த ரோஜாத் தோட்டத்துலயே பெரிய பசுமைக்குடில் மூணாம் குடில். அதுக்கு மருந்து அடிக்கிற ஆளு நீங்க. 'பாறை, பாறை'ன்னு எல்லாரும் முதுகுல தட்டுறாங்க. என் முன்னாடி வந்து உக்காந்தா மட்டும் பேனாவுக்கே பயம்.

பாறை: அது அவங்களா வச்ச பேரு. நானா கேட்டேன்?

நர்ஸ்: சும்மாவா வச்சாங்க? சீசன் ஆரம்பிச்சு மூணு மாசம். மருந்து அடிக்கிறவங்க பதினோரு பேரு. நாலு பேரை நிறுத்தி வேற வேலைக்கு அனுப்பியாச்சு. மீதிப் பேருக்கும் நம்பர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வருது. உங்களுக்கு மட்டும்...

பாறை: எனக்கு மட்டும்?

நர்ஸ்: முதல் நாள் அறுபத்தி நாலு. அடுத்த மாசமும் அறுபத்தி நாலு. போன மாசம் அறுபத்தஞ்சு! தினமும் மருந்துக்குள்ள போயிட்டு நம்பர் ஏறி வர்ற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்.

பாறை: ஏறக் கூடாதா சிஸ்டர்?

நர்ஸ்: ஏன், பயமா இருக்கா?

பாறை: சேச்சே... சும்மா கேட்டேன். அந்த நம்பர் என்னன்னே எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல.

நர்ஸ்: மாசா மாசம் சொல்றேன், மாசா மாசம் ஊசியைப் பாத்துக்கிட்டே காதை மூடிக்கிறீங்க. இப்பவாவது கேளுங்க. உடம்புக்குள்ள சேதி போய்க்கிட்டே இருக்கும். கையைத் தூக்கு, கண்ணை மூடு, எச்சிலை முழுங்குன்னு. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைக் கூட்டி அள்ளணும். அதுக்குன்னு உடம்புல ஆளு இருக்கு.

பாறை: ஆளா?

நர்ஸ்: ஒரு பேச்சுக்கு. பூச்சி மருந்து உள்ள போனா அந்தக் கூட்டுற ஆளுங்களைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும். குப்பை சேர்ந்துடும். அப்பத்தான் எச்சில் வடியும், வேர்க்கும், கண்ணு மங்கும். எத்தனை ஆளு மிச்சம் இருக்காங்கன்னு ரத்தத்துல எண்ணிப் பாக்குறதுதான் நம்பர்.

பாறை: அப்ப அறுபத்தி நாலுன்னா நிறையத்தானே?

நர்ஸ்: நிறையவா! இந்தத் தோட்டத்துலயே கம்மி உங்களுக்குத்தான். பொறப்புலயே அப்படி. சிலருக்கு எண்பது, சிலருக்கு நூறுக்கு மேல. உங்களுக்குக் கொடுக்கும்போது மட்டும் கடவுள் கையை இறுக்கிட்டாரு. நியாயமாப் பாத்தா, முதல் வாரமே நீங்க குடில் வாசல்ல சுருண்டு விழுந்திருக்கணும்.

பாறை: வாசல்லயா...

நர்ஸ்: ஏன் முழிக்கிறீங்க?

பாறை: இல்ல, வாசல்னு குறிப்பாச் சொன்னீங்களே... அதான்.

நர்ஸ்: விழணும்னு சொன்னேன். விழுந்தீங்கன்னு சொன்னேனா? விழல. அதுதான் ஆச்சரியம். மருந்தே தொடாத பத்துப் பேர் இருக்காங்க, அவங்க நம்பர் மாதிரி உங்களோடது அசையாம நிக்குது.

பாறை: எந்தப் பத்துப் பேர்?

நர்ஸ்: டாக்டர் ஒப்பிட்டுப் பாக்கக் கேட்டாரு. அதை விடுங்க. தாடி நல்லா இருக்கு.

பாறை: தாடியா... ரெண்டு மாசமா விட்டுட்டேன். வீட்டுல எடுப்பா இருக்குன்னு சொன்னா.

நர்ஸ்: மாஸ்க் போடுறப்ப உறுத்தாதா?

பாறை: எந்த மாஸ்க்?

நர்ஸ்: எந்த மாஸ்க்கா?

பாறை: ஓ, மாஸ்க்கா! உறுத்தும், உறுத்தும். ரொம்ப உறுத்தும். பழகிடுச்சு.

மனைவி: உள்ள வரலாமா சிஸ்டர்? வரச் சொன்னீங்கன்னு பேக்கிங்ல வந்து சொன்னாங்க. மயங்கி விழுந்துட்டாரா?

நர்ஸ்: வாம்மா. விழல. விழுந்தா பிடிக்க ஆள் வேணும்ல, அதான் கூப்பிட்டேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு.

மனைவி: ரெண்டு குழந்தை பெத்தவ நானு. ஆஸ்பத்திரியில அப்பவும் மயங்கினது இவருதான்.

பாறை: அதை ஏன் இப்ப எடுக்குற?

மனைவி: ரெண்டு தடவையும்.

பாறை: போதும்!

நர்ஸ்: ஏம்மா, மூக்கு மேல என்ன, வளைஞ்ச கோடு மாதிரி? கன்னத்துலயும் இறங்குது.

மனைவி: இதா... தலையணை மடிப்பு சிஸ்டர்.

நர்ஸ்: தலையணை மூக்கு மேல எப்படி மடியும்?

மனைவி: குப்புறப் படுப்பேன்.

நர்ஸ்: மணி பதினொண்ணு ஆகுது. இன்னுமா மறையல?

மனைவி: அழுத்திப் படுப்பேன்.

நர்ஸ்: சரி சரி. நல்ல சேதி சொல்லத்தான் உன்னையும் கூப்பிட்டேன். மூணாம் குடில்ல தேடினாலும் ஒரு செம்பேன் பூச்சி கிடைக்கலையாம். மேனேஜர் பூதக்கண்ணாடி வச்சு இலை இலையாப் புரட்டிப் பாத்திருக்காரு. மத்த குடில்ல எல்லாம் இலை பழுப்படிச்சுக் கிடக்கு. தம்பி, அப்படி என்னதான் பண்றீங்க?

பாறை: நானா... அடிப்பேன். நல்லா... அடிப்பேன்.

மனைவி: இலைக்கு அடியில அடிக்கணும் சிஸ்டர். செம்பேன் அங்கதான் உக்காந்திருக்கும். எல்லாரும் அவசரத்துல மேலாக்க அடிச்சுட்டுப் போயிடுறாங்க. ஸ்ப்ரே கன்னைத் தலைகீழாத் திருப்பி, முட்டி போட்டு, கீழ இருந்து மேல கொண்டு வரணும். அதுவும் நாலாவது வரிசையில குழாய் ஒழுகுது, அங்க அழுத்தம் பத்தாது, அதனால...

நர்ஸ்: உன்னையா கேட்டேன்?

மனைவி: இவர் தினமும் சொல்லுவாருல்ல சிஸ்டர்... கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு.

பாறை: ஆமா, தூக்கத்துல கூட உளறுவேன். 'முட்டி போடு, முட்டி போடு'ன்னு.

நர்ஸ்: அப்படியா. சரி, சேதி இதுதான். நாளையிலிருந்து எட்டுக் குடிலும் உங்களுக்குத்தான் தம்பி. புது மருந்து வருது, இதை விட நாலு மடங்கு காட்டம். மத்தவங்களை உள்ள விட முடியாது. உங்களைத்தான் எதுவும் அசைக்காதே! டாக்டர் போட்டோ எடுக்க வர்றாரு.

பாறை: எட்டா?

நர்ஸ்: எட்டு. பேப்பர் மேனேஜர் ரூம்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன். கையெழுத்துப் போட்டுட்டு ஊசி போட்டுக்கலாம். ஜன்னல் வழியா ஓடிடாதீங்க.

பாறை: போயாச்சா?

மனைவி: செருப்புச் சத்தம் அந்தக் கோடிக்குப் போயிடுச்சு. மெதுவாப் பேசுங்க. எந்த மாஸ்க்னு கேக்குறீங்களே! வெளியில நின்னு கேட்டுட்டுத்தான் அவசரமா உள்ள வந்தேன்.

பாறை: அதை விடு. எட்டுக் குடிலாம்டி!

மனைவி: கேட்டேன். அஞ்சு மணிக்குப் பதிலா மூணரைக்கு எழுந்தா ஒரு நாளைக்கு ரெண்டு குடில்னு அடிச்சு முடிச்சுடலாம். நீங்க குழந்தைங்களுக்கு முட்டை வேக வச்சு, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி விட்டுட்டீங்கன்னா...

பாறை: யாரு அடிக்கிறது?

மனைவி: மூணு மாசமா யாரு அடிக்கிறது?

பாறை: அன்னிக்கு ஒரு நாளைக்குன்னு சொல்லித்தானே அந்த மருந்து உடுப்புக்குள்ள போன?

மனைவி: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? டேங்க் மூடியைத் திறந்தீங்க, வாசல்லயே சுருண்டு விழுந்தீங்க. வாயெல்லாம் எச்சில். பக்கத்துக் குடில்காரர் தினமும் அதே மாதிரி டேங்க் மேல உக்காந்து கடலை கொறிக்கிறாரு, அவருக்கு ஒண்ணும் ஆகல. உங்களை இழுத்துக் காத்துல போட்டேன், உடுப்பைக் கழட்டி மாட்டிக்கிட்டேன். மிச்ச வரிசையை யாரு அடிக்கிறது?

பாறை: மறுநாள் நான் போறேன்னு சொன்னேன்ல.

மனைவி: சொன்னீங்க. வாசம் பட்டதும் திரும்ப வாந்தி. உங்களுக்கு ஒத்துக்கல, எனக்கு ஒத்துக்குது. உடம்பு ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி. அந்த உடுப்புல கண்ணு மட்டும்தான் தெரியும், நம்ம ரெண்டு பேரும் ஒரே உயரம். யாருக்கு என்ன தெரியப் போகுது?

பாறை: எனக்குத் தெரியுதே. நேத்து டேங்க்ல அழுத்தம் காட்டுற முள்ளு ரெண்டா தெரிஞ்சுதுன்னு சொன்னியா இல்லையா?

மனைவி: தூக்கக் கலக்கம்.

பாறை: சின்னவ சட்டைக்குப் பட்டன் தைக்க ஊசியில நூல் கோர்க்க முடியாம மூணு தடவை எச்சில் தொட்ட.

மனைவி: நூல் மட்டமான நூல்.

பாறை: நூல் மேல பழியைப் போடு! கேளு. இவங்க என் ரத்தத்தை எண்ணி எண்ணி 'பாறை, பாறை'ங்கிறாங்க. உன் ரத்தத்தை யாரும் எண்ணல. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, தெரியுமா? வாய்க்குள்ள பொய்யை வச்சுக்கிட்டுச் சோறு முழுங்க முடியல. சொல்லிடலாம்.

மனைவி: சொன்னா என்ன ஆகும்? பொம்பளைக்கு மருந்து வேலை கிடையாதுன்னு திரும்பப் பேக்கிங்லயே நிறுத்திடுவாங்க. முள்ளை எடு, ரப்பர் பேண்டு போடு, முள்ளை எடு, ரப்பர் பேண்டு போடு... அந்தக் குடில் என்னுதுங்க. காலையில உள்ள போய்க் கன்னைப் பிடிச்சா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஆறாயிரம் செடி. எது எங்க நிக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

பாறை: கண்ணு நல்லா இருந்தாத்தானே மூட முடியும்?

மனைவி: ஷ்ஷ்... வர்றாங்க.

நர்ஸ்: என்ன, புருஷன் பொண்டாட்டி ரகசியமா? இந்தாங்க பேப்பர். கீழ ஒரு கையெழுத்து.

பாறை: படிச்சுட்டு...

நர்ஸ்: எதுக்குப் படிக்கணும்? எட்டுக் குடில், புது மருந்து, நாளையிலிருந்து. அவ்வளவுதான். பேனா இதோ. பயப்படாதீங்க, இது நிஜமாவே பேனா.

மனைவி: போடுங்க. சிஸ்டர் காத்துக்கிட்டிருக்காங்கல்ல.

பாறை: போட மாட்டேன்.

நர்ஸ்: ஏன்?

பாறை: காட்டமான மருந்துன்னீங்களே. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?

நர்ஸ்: உங்களுக்கு என்ன ஆகப் போகுது? நீங்க பாறை!

பாறை: நான் பாறையும் இல்ல, கூழாங்கல்லும் இல்ல சிஸ்டர்!

மனைவி: ஏங்க, வாயை மூடுங்க...

பாறை: நீ கையை விடு. மூணு மாசமா மூடித்தான் வச்சிருக்கேன். சிஸ்டர், நான் அந்தக் குடிலுக்குள்ள கால் வச்சு மூணு மாசம் ஆச்சு. முதல் வாரமே வாசல்ல விழுந்தேன், நீங்க சொன்ன மாதிரியே. உள்ள போறது இவ. முட்டி போட்டு இலைக்கு அடியில அடிக்கிறது இவ. நான் வீட்டுல முட்டை வேக வைக்கிறேன், அப்புறம் பட்டறையில பம்ப் ரிப்பேர் பண்றேன். என் ரத்தத்துல ஒண்ணும் இருக்காது. இவ ரத்தத்தைப் பாருங்க. என்னை வேலையை விட்டு அனுப்புங்க, திட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. முதல்ல இவளைப் பாருங்க. இவ இல்லைன்னா எனக்கு ஒண்ணும் இல்ல.

மனைவி: ஐயோ... இப்படியா போட்டு உடைப்பீங்க?

நர்ஸ்: அப்பாடா! இந்த ஒரு வார்த்தையை வாங்க எத்தனை பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு! எட்டுக் குடிலும் கிடையாது, நாலு மடங்கு காட்டமும் கிடையாது. டாக்டருக்குக் கேமராவே பிடிக்கத் தெரியாது.

பாறை: என்னது?

மனைவி: அப்ப இந்தப் பேப்பர்?

நர்ஸ்: சீசன் ஆரம்பத்துல ஒரு பேப்பர் நீட்டினேன். படிச்சியா?

மனைவி: பூ ஏத்துற லாரி நின்னுக்கிட்டிருந்துச்சு சிஸ்டர். ரத்தம் கம்மியா இருக்கான்னு பாக்கத்தான்னு நினைச்சு, போட்டுட்டு ஓடிட்டேன். மாசா மாசம் நீங்க எடுத்தப்பவும் அதுக்குன்னுதான்...

பாறை: மாசா மாசம் எடுத்தாங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே!

மனைவி: ஊசின்னாலே உங்களுக்கு மயக்கம் வருதே. சொல்லி வேறயா?

நர்ஸ்: இதையாவது படிச்சுட்டுப் போடு. சத்தமாப் படி.

மனைவி: 'மூன்றாம் குடிலில் மருந்து அடிப்பவர்...' இது என் பேரு! என்னங்க, என் பேரு போட்டிருக்கு!

பாறை: மேல படி, மேல படி.

மனைவி: 'கையெழுத்திட்ட நாளிலிருந்து ஆறு வாரம் மருந்து வேலை கிடையாது. நம்பர் ஏறியதும் அதே குடிலில், சொந்தப் பேரில், சொந்த அளவு உடுப்புடன்...' சிஸ்டர், தேதி முந்தாநாள் போட்டிருக்கு!

நர்ஸ்: முந்தாநாளே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். முதல்ல குதிகுதின்னு குதிச்சாரு. மூணாம் குடில் பூவை ஒரு கை, அஞ்சாம் குடில் பூவை ஒரு கை, ரெண்டையும் மேஜை மேல வச்சேன். அப்புறம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு. உள்ள ஆம்பளை இருந்தா என்ன, பொம்பளை இருந்தா என்ன? உடம்பு தாங்குதா, அதுதான் கேள்வி.

பாறை: தாங்குதா சிஸ்டர்? இவ நம்பர் என்ன?

நர்ஸ்: இப்ப எழுபத்தேழு.

பாறை: எழுபத்தேழா! என்னை விட ஜாஸ்தி! அப்ப நான்தான் வீணாப் பயந்தேனா?

மனைவி: பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!

நர்ஸ்: ரெண்டு பேரும் ஆடாதீங்க. உங்க அறுபத்தி நாலு உங்களுக்கு முழுசு. இவளுக்கு முழுசு நூத்திப் பன்னெண்டு. அதுல முப்பத்தஞ்சு ஆளைக் கட்டிப் போட்டாச்சு. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. ஒருத்தர் அளவுல இன்னொருத்தரை அளக்கக் கூடாது.

மனைவி: ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியலையே சிஸ்டர்... நேத்து டேங்க் முள்ளு ரெண்டா தெரிஞ்சதைத் தவிர.

நர்ஸ்: அதுதான் உன் ஆபத்து. உன் வீட்டுக்காரர் உடம்பு மூடியைத் திறந்ததுமே கத்திடுச்சு, தப்பிச்சாரு. உன் உடம்பு அழுத்தக்காரி. கடைசி ஆளைக் கட்டிப் போடுற வரைக்கும் வாயைத் திறக்காது. நல்ல காலம், இப்பவே கண்டுபிடிச்சோம். ஆறு வாரம் ஒதுங்கி இருந்தா தானா ஏறிடும். இன்னிக்கே டாக்டர் ஒரு தடவை பாத்துடட்டும்.

பாறை: பொழைச்சேன்... அழுத்தக்காரின்னு பத்து வருஷமா நானும் சொல்றேன், யாரு கேக்குறா?

மனைவி: வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்.

பாறை: சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு. முதல் நாள் இவளுக்கு எவ்வளவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இவதான் மருந்து அடிக்கிற ஆளே இல்லையே?

நர்ஸ்: அதனாலதான் தம்பி! மருந்தே தொடாத பத்துப் பேர் வேணும்னு டாக்டர் கேட்டாரு, பேக்கிங்ல இருந்து உங்க வீட்டம்மாவை முதல் ஆளா நான்தான் எழுதினேன். ஒன்பது பேருக்கு நம்பர் அசையல, பத்தாவது ஆளுக்கு மாசா மாசம் இறங்குது. மருந்து அடிக்கிற பாறைக்கோ நம்பர் ஏறுது, கூடவே அந்த மாஸ்க் ஒட்டவே ஒட்டாத தாடியும் வளருது! இவ மூக்கு மேல மாஸ்க் அழுத்தின அந்தக் கோடு வேற. இதுக்கு மேலயும் எனக்குப் புரியலைன்னா இந்த வெள்ளை உடுப்பு எதுக்கு? இவ போனதுல பத்துல ஒரு இடம் காலி ஆயிடுச்சு. மருந்தே தொடாத ஆளுன்னு உங்க பேரை அதுல எழுதிட்டேன். மாசா மாசம் வரணும். தாடி இருக்கட்டும், கையை நீட்டுங்க.